நைஸாபூர் மஜ்லிஸும் திருப்பியனுப்பப்பட்ட ஏடுகளும்

சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு தடித்த குறிப்பேடு. மிஷ்காத் பாடத்தில் தம் உஸ்தாத் சொன்ன விளக்கங்களை மாதக்கணக்கில் அதில் எழுதி வைத்திருந்தார். பிறை பற்றிய சர்ச்சை சூடாக இருந்த நாட்களில் அந்த உஸ்தாத் தம் நண்பர்களுக்காக வாட்ஸ்அப்பில் எட்டுப் பத்து வரிகள் எழுதியிருக்கிறார். அவற்றுள் இரண்டு வரிகளை மட்டும் யாரோ படமாக்கிப் பரப்பிவிட்டார்கள். மூன்றே நாட்களில் அவை பல ஊர் ஜமாஅத்துகளைச் சுற்றி வந்துவிட்டன. பெற்றோர் வந்தனர், நிர்வாகம் கூடியது, ஆசிரியர் ஆண்டின் நடுவிலேயே வெளியேறினார். அவருடைய கருத்தில் தமக்கு உடன்பாடில்லை என்று ஒரு தாளில் மாணவர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது. அவருக்கு ஆதரவானவர்களும் ஒரு தாளுடன் விடுதி வாசலில் நின்றார்களாம். இந்த மாணவர் இரண்டிலும் கையொப்பமிட்டிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் தலை நிமிரவில்லை. "ஹஸ்ரத், இந்த நோட்டை நான் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா?" என்று கேட்பதற்காகவே அவர் வந்திருந்தார்.

அந்த ஆசிரியர் எழுதியது சரியா, தவறா என்று ஊரெல்லாம் பேசினார்கள். அவரிடம் பாதி ஓதியிருந்த மாணவர்களின் மீதிப் பாடத்தைப் பற்றிப் பேசியவர் எவரும் இல்லை. ஆயினும் அம்மாணவர் கேட்ட கேள்வி புதிதன்று. 1100 ஆண்டுகளுக்கும் முன்னர் குராஸானின் தலைநகரில், நாம் இன்று 'இமாம்கள்' என்று தலைவணங்கும் பெருமக்கள் மாணவர்களாகவும் ஆசிரியர்களாகவும் அமர்ந்திருந்த அவைகளிலேயே அது எழுந்தது. அவ்வரலாற்றைப் பெரும்பாலும் இரு இமாம்களுக்கிடையே நேர்ந்த மனவேறுபாடாகவே நாம் ஓதிக்கொடுக்கிறோம். அதை மாணவரின் பக்கத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹிஜ்ரி 250இல் (கி.பி. 864) இமாம் முஹம்மது இப்னு இஸ்மாயீல் அல்புகாரி (ரஹ்) நைஸாபூருக்கு வந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 56. ஊரே திரண்டு எதிர்கொண்டது. இரண்டு மூன்று மன்ஸில் தொலைவு வரை சென்று மக்கள் அவர்களை வரவேற்றதையும், எந்த ஆளுநருக்கும் எந்த அறிஞருக்கும் நைஸாபூர்வாசிகள் அப்படிச் செய்து தாம் கண்டதில்லை என்பதையும் இமாம் முஸ்லிம் இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவ்வரவேற்புக்கு முன்னின்றவர் யார் என்பதே இங்குக் கருதத்தக்கது. நைஸாபூரின் தலைமை முஹத்திஸாக விளங்கிய இமாம் முஹம்மது இப்னு யஹ்யா அத்துஹ்லீ (ரஹ்) அவர்கள்தாம் முந்தைய நாள் தம் மஜ்லிஸில், நாளை தாம் எதிர்கொள்ளச் செல்லவிருப்பதாகவும் விரும்புவோர் வரலாம் என்றும் அறிவித்தார்கள். புகாரி இமாம் வந்து தங்கிய பின், அந்த நல்ல மனிதரிடம் சென்று ஹதீஸ் கேளுங்கள் என்று தம் மாணவர்களை அனுப்பியவர்களும் அவர்களே.

இமாம் துஹ்லீ சாதாரணமானவர் அல்லர். இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) வழியாக வந்த ஹதீஸ்களைத் திரட்டி ஆராய்ந்ததில் அவர்களுக்கு நிகராக அக்காலத்தில் எவரும் இல்லை. 'ஸுஹ்ரிய்யாத்' என்ற அவர்களது தொகுப்பு அதற்குச் சான்று. புகாரி இமாமும் அவர்களிடம் ஹதீஸ் கேட்டவர்களே. எனவே இதை அறிஞருக்கும் அறிவிலிக்கும் நடந்த பூசலாக எவரும் எண்ணிவிடலாகாது.

மாணவர்களை அனுப்பும்போதே இமாம் துஹ்லீ ஓர் எச்சரிக்கையும் செய்தார்கள்: கலாம் சார்ந்த எதையும் அவரிடம் கேட்காதீர்கள், நம் கருத்துக்கு மாறாக அவர் ஏதேனும் விடையளித்துவிட்டால் நமக்கும் அவருக்கும் இடையே பிளவு உண்டாகும், குராஸானிலுள்ள பிற பிரிவினரெல்லாம் நம்மைக் கண்டு மகிழ்வார்கள் என்பது அதன் கருத்து. நடக்கப்போவதை நன்கு அறிந்த ஓர் ஆசிரியரின் பேச்சு இது. ஆனால் கேட்கக் கூடாத கேள்வி இன்னதென்று ஒரு பெருங்கூட்டத்துக்கு முன்பே சொல்லி வைத்தால் யாரேனும் ஒருவர் அதையே கேட்பார் என்பதும், இத்தனை ஆண்டுகள் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாம் அறிந்த உண்மை.

அவ்வளவு அஞ்சுவதற்கு அக்கேள்வியில் என்ன இருந்தது? ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) கலீஃபா மஃமூன் தொடங்கிவைத்த 'மிஹ்னா' எனும் விசாரணையை வாசகர்கள் அறிவர். குர்ஆன் படைக்கப்பட்டது என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமென அரசு வற்புறுத்தியது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையிலடைக்கப்பட்டுக் கசையடி பட்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தலைமாணவர் புவைத்தீ (ரஹ்) 231இல் பாக்தாதுச் சிறையிலேயே உயிர்நீத்தார்கள். கலீஃபா முதவக்கில் காலத்தில்தான் அக்கொடுமை ஓய்ந்தது. எனினும் அதன் ஒரு கிளை எஞ்சி நின்றது. குர்ஆன் அல்லாஹ்வின் வாக்கு, படைக்கப்பட்டதன்று. அப்படியாயின் அதை ஓதும் நம் நாவின் அசைவும் குரலும் எத்தகையவை? இதுவே 'லஃப்ழ்' பற்றிய வழக்கு. அரபியில் 'லஃப்ழ்' என்னும் சொல் உச்சரிக்கும் செயலையும் குறிக்கும், உச்சரிக்கப்பட்டதையும் குறிக்கும். "என் லஃப்ழ் படைக்கப்பட்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் தம் நாவைச் சொல்கிறாரா, குர்ஆனைச் சொல்கிறாரா என்பது கேட்பவரின் மனத்தைப் பொறுத்தது. ஆகவேதான் இமாம் அஹ்மத் அச்சொல்லாடலையே வெறுத்தார்கள். அதைப் பேசிய கராபீஸீயைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த இமாமின் வழியில் உறுதியாக நின்றவர் துஹ்லீ. அவர்கள் கொண்ட அச்சத்துக்கு அடி பட்ட ஒரு தலைமுறையின் நினைவு காரணமாக இருந்தது. இதை மறந்துவிட்டு அவர்களைப் பழிப்பது நீதியாகாது.

புகாரி இமாம் தங்கியிருந்த வீடு நிரம்பி, கூரைகளும் நிரம்பின. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒருவர் எழுந்து லஃப்ழ் பற்றிக் கேட்டார். இப்னு அதீ (ரஹ்) பதிவுசெய்துள்ள செய்தியின்படி இமாமவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் மீண்டும் கேட்டார். மூன்றாம் முறையும் விடவில்லை. அதன் பிறகே, குர்ஆன் அல்லாஹ்வின் வாக்கு, படைக்கப்பட்டதன்று என்றும், அடியார்களின் செயல்கள் படைக்கப்பட்டவை என்றும், இப்படி ஆளைச் சோதித்தல் பித்அத் என்றும் விடையளித்தார்கள். சோதித்தல் என்பதற்கு அங்கே வந்துள்ள சொல் 'இம்திஹான்'. 'மிஹ்னா'வும் 'இம்திஹானு'ம் ஒரே வேரில் பிறந்தவை. அரசவையில் கலீஃபா செய்ததை இப்போது ஒரு மாணவன் பாடவையில் செய்கிறான் என்று இமாமவர்கள் சுட்டிக்காட்டியதாகவே நாம் இதை விளங்கிக்கொள்கிறோம்.

கேட்டவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. தம் லஃப்ழ் படைக்கப்பட்டது என்று இவர் சொல்லிவிட்டார் எனக் கூச்சலிட்டார். அவையில் இருந்தவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். சொன்னார் என்றனர் சிலர். சொல்லவில்லை என்றனர் சிலர். ஒருவரையொருவர் தாக்கும் நிலை வந்தபோது அவ்வீட்டார் கூடி எல்லாரையும் வெளியேற்றினார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில், தம் காதால் கேட்டவர்கள் இவர்கள்! ஹதீஸைச் சொல்லுக்குச் சொல் காப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள்! அவர்களுக்கே ஆசிரியர் அப்போது சொன்ன வாக்கியம் எது என்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை. தாம் அவ்வாறு சொன்னதாகக் கூறுபவன் பொய்யன் என்றும், அடியார்களின் செயல்கள் படைக்கப்பட்டவை என்றே தாம் சொன்னதாகவும் இமாமவர்கள் பின்னர் மறுத்த செய்தி முஹம்மது இப்னு நஸ்ர் அல்மர்வஸீ (ரஹ்) வழியாக வந்துள்ளது. அடியார்களின் செயல்கள் குறித்து 'கல்கு அஃப்ஆலில் இபாத்' என்று தனி நூலே அவர்களுக்கு உண்டு. ஆனால் நைஸாபூரில் பரவியது அந்த விளக்கமன்று. கூச்சலிட்டவர் சுருக்கிச் சொன்ன வாக்கியமே.

இதற்கு வேறொரு காரணமும் வரலாற்றில் சொல்லப்படுகிறது. மக்களெல்லாம் புகாரி இமாமிடம் குவிந்ததால் துஹ்லீயின் மஜ்லிஸ் மெலிந்தது. அதன் பின்னரே அவர்கள் பேசத் தொடங்கினார்கள் என்பது ஹாகிம் (ரஹ்) வழியாக வரும் செய்தி. உள்ளங்களின் செய்தியை அல்லாஹ் அறிவான். சமகாலத்தவர் ஒருவரையொருவர் பற்றிக் கூறியவற்றைச் சுருட்டி வைத்துவிட வேண்டும், எடுத்துரைக்கக் கூடாது என்பது இமாம் தஹபீ (ரஹ்) போன்றோர் வகுத்த நெறி. நாமும் அதைச் சுருட்டி வைப்போம். மாணவர்களுக்கு நேர்ந்ததைச் சுருட்டி வைக்க இயலாது.

இமாம் துஹ்லீயின் அறிவிப்பு மாணவர்களை நோக்கியே வந்தது. இவ்வாறு கூறுபவர் பித்அத்காரர், அவருடன் அமரக் கூடாது. இதன் பின்னும் முஹம்மது இப்னு இஸ்மாயீலிடம் செல்பவரைச் சந்தேகியுங்கள் என்பது அதன் பொருள். ஆசிரியரின் மீது எழுந்த குற்றச்சாட்டு, அவரிடம் ஓதச் செல்பவரின் மீதும் படிந்தது. கூரையெல்லாம் நிரம்பிய வீடு வெறுமையாயிற்று. அத்தனை பேரில் தொடர்ந்து சென்றவர்கள் என்று நூல்கள் பெயர் சொல்வது இருவரை மட்டுமே: முஸ்லிம் இப்னுல் ஹஜ்ஜாஜ், அஹ்மத் இப்னு ஸலமா.

அவ்விருவரும் துஹ்லீயின் மாணவர்களுங்கூட. ஒருநாள் அவரது மஜ்லிஸில் இருவரும் இருக்கும்போதே, லஃப்ழ் கருத்துடையவர் நம் அவைக்கு வருவது ஆகாது என்ற அறிவிப்பு வந்தது. இமாம் முஸ்லிம் தம் மேலாடையைத் தலைப்பாகையின் மீது போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க எழுந்து வெளியேறினார்கள். பின்பு துஹ்லீயிடம் தாம் எழுதியிருந்த ஏடுகள் அனைத்தையும் ஒரு சுமையாளின் முதுகில் ஏற்றி அவருடைய வாசலுக்கே திருப்பியனுப்பிவிட்டார்கள்.

இச்செய்தியை ஓதிக்கொடுக்கும்போது மாணவர்கள் முகம் மலர்வதை நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியருக்காக எழுந்து நின்ற மாணவர் என்ற பெருமிதம்! அது உண்மையே. ஆனால் அந்தச் சுமை என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்து முஹத்திஸுக்கு ஏடு என்பது அவர் ஓர் ஆசிரியரின் முன் அமர்ந்து கழித்த ஆண்டுகள். ஸுஹ்ரீயின் ஹதீஸ்களில் அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர் தம் ஊரிலேயே இருக்க, இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹில் ஸுஹ்ரீயின் ஹதீஸ்களை ஹர்மலா இப்னு யஹ்யா, முஹம்மது இப்னு ராஃபிஃ, அப்து இப்னு ஹுமைத் போன்ற பிற ஆசிரியர்கள் வழியாகவே கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குத் தேடலும் பயணமும் போதிய அளவு இருந்தன. ஆகவே ஈடுசெய்ய முடிந்தது. அந்த மஜ்லிஸில் அமர்ந்திருந்த எல்லா மாணவர்களும் முஸ்லிம்கள் ஆக முடியுமா?

புகாரி இமாம் ஊரைவிட்டுப் புறப்பட்ட காட்சியை அஹ்மத் இப்னு ஸலமா நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். துஹ்லீயின் சொல்லுக்கு இவ்வூரில் மறுபேச்சு இல்லை, என்ன செய்வது என்று இவர் கவலையுடன் கேட்டபோது, இமாமவர்கள் தம் தாடியைப் பற்றியபடி, தம் காரியத்தை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகக் கூறும் இறைவசனத்தை ஓதினார்கள். செருக்குக்காகவோ தலைமைக்காகவோ தாம் இங்கே தங்க நினைக்கவில்லை என்றார்கள். பிறகு, நாளையே புறப்பட்டுவிடுகிறேன், என் பொருட்டு உங்களுக்கு நேரும் பேச்சிலிருந்து நீங்கள் விடுபடுவீர்கள் என்ற கருத்தில் ஒன்று சொன்னார்கள். தமக்கு நேர்ந்த அவமானத்தின் நடுவே அவர்கள் மாணவர்களின் இக்கட்டைக் கண்டார்கள். அந்நாட்களில் அதைக் கண்டவர் அவர்கள் ஒருவர்தாம் போலும்.

வழியனுப்பச் சென்றவர் அஹ்மத் இப்னு ஸலமா மட்டுமே. ஊர்வாயிலில் மூன்று நாட்கள் தங்கித் தம் பயணத்துக்கு வேண்டியவற்றைச் செய்துகொண்டு இமாமவர்கள் சென்றார்கள். இரண்டு மூன்று மன்ஸில் வரை வந்து எதிர்கொண்ட ஊர் அது.

நைஸாபூரின் சினம் நைஸாபூரோடு நிற்கவில்லை. ரய்யிலிருந்த அபூ ஸுர்ஆ (ரஹ்), அபூ ஹாத்தம் (ரஹ்) ஆகிய இரு பேரறிஞர்களுக்கும் துஹ்லீ கடிதம் எழுதினார்கள். அவ்விருவரும் புகாரியிடம் ஹதீஸ் கேட்டிருந்தவர்கள்; கடிதம் வந்ததும் அவருடைய ஹதீஸை விட்டுவிட்டார்கள் என்று அபூ ஹாத்தமின் மகனார் இப்னு அபீ ஹாத்தம் (ரஹ்) தம் 'அல்ஜர்ஹு வத்தஅதீல்' நூலில் பதிவுசெய்துள்ளார்கள். கடிதம் சென்ற இடத்துக்கு விளக்கம் செல்லவில்லை. அந்நூல் இன்றும் அறிவிப்பாளர் ஆய்வின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதைத் திறக்கும் இளம் மாணவர், 'புகாரி' என்ற பெயருக்குக் கீழ் இந்த வரியைக் கண்டு திகைக்கிறார். அவ்விருவர் விட்டதால் புகாரிக்கு ஒரு குறையும் இல்லை என்ற கருத்தில் தஹபீயும், இன்னும் கடுமையாகத் தாஜுத்தீன் ஸுப்கீயும் (ரஹ்) எழுத வேண்டியதாயிற்று. அது 14ஆம் நூற்றாண்டு. ஒரு மஜ்லிஸின் கூச்சலுக்கு 500 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட மறுப்பு!

இமாமவர்கள் தம் சொந்த ஊரான புகாராவிலும் நிலைக்க முடியவில்லை. நைஸாபூர்க் கடிதம் அங்கும் எட்டியது என்று ஒரு செய்தி. தம் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பாடம் நடத்த ஆளுநர் காலித் இப்னு அஹ்மத் கேட்டதை, ஒரு சாராருக்கு மட்டும் கல்வியை ஒதுக்க மாட்டேன் என்று மறுத்ததே காரணம் என்று மற்றொரு செய்தி. ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தன்கில், 256ஆம் ஆண்டு (கி.பி. 870) நோன்புப் பெருநாள் இரவில் இமாமவர்கள் வஃபாத்தானார்கள். துஹ்லீ இரண்டாண்டுகள் கழித்து 258இலும், முஸ்லிம் 261இலும் மறைந்தார்கள்.

இனி, எஞ்சிய ஏடுகளைப் பார்ப்போம். ஸஹீஹ் முஸ்லிமில் துஹ்லீ வழியாக ஒரு ஹதீஸும் இல்லை. புகாரி வழியாகவும் ஒன்றும் இல்லை. யாருக்காக ஏடுகளைத் திருப்பியனுப்பினாரோ அவரையும் அறிவிப்புத் தொடரில் சேர்க்கவில்லை. முஸ்லிம் இருவரிடமிருந்தும் எடுக்காமல் நீதியாக நடந்துகொண்டார் என்பது ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் பார்வை. புகாரியின் ஆசிரியர்கள் பலரை முஸ்லிமும் நேரில் சந்தித்திருந்ததால் தொடரை ஒருபடி குறைக்கவே அவ்வாறு செய்தார் என்று விளக்குவோரும் உண்டு. அவ்விளக்கம் புகாரிக்குப் பொருந்தலாம். சுமையாளின் முதுகில் போன ஏடுகளுக்குப் பொருந்தாது. எவ்வாறாயினும், இரு பெரும் ஆசிரியர்களுக்கு நடுவே நின்ற மாணவரின் நூலில் இருவருக்கும் இடமில்லாமல் போயிற்று.

ஆசிரியருக்காக எழுந்து நிற்பதும் அவருடன் ஒவ்வொன்றிலும் உடன்படுவதும் ஒன்றல்ல என்பதற்கும் இமாம் முஸ்லிமே சான்று. தம் ஸஹீஹின் முன்னுரையில், அறிவிப்பாளர் இருவரும் சந்தித்தது நிறுவப்பட வேண்டும் என்று நிபந்தனையிடும் ஒருவரைப் பெயர் சொல்லாமல் காரமாக மறுக்கிறார்கள். அது புகாரியைக் குறிப்பதா, அலீ இப்னுல் மதீனியைக் குறிப்பதா என்று விரிவுரையாளர்கள் இன்றளவும் விவாதிக்கிறார்கள். அந்நிபந்தனை புகாரியுடையதாகவே பலராலும் அறியப்படுவது. கருத்தில் மாறுபட்டவர், அவையைவிட்டு எழுந்தபோது மாறுபடவில்லை.

புகாரி இமாமின் நூலிலோ வேறொன்றைக் காண்கிறோம். தம்மை ஊரைவிட்டு அகற்றிய துஹ்லீயிடமிருந்து, ஏறத்தாழ 30 இடங்களில் அவர்கள் ஹதீஸ் அறிவிக்கிறார்கள். ஆனால் 'முஹம்மது இப்னு யஹ்யா அத்துஹ்லீ' என்று ஓரிடத்திலும் முழுப்பெயர் இல்லை. சில இடங்களில் 'முஹம்மது' மட்டும். சில இடங்களில் பாட்டனாருடன் சேர்த்து 'முஹம்மது இப்னு அப்தில்லாஹ்'. சில இடங்களில் முப்பாட்டனாருடன் சேர்த்து 'முஹம்மது இப்னு காலித்'. இப்னு கல்லிகான் (ரஹ்) போன்றோர் இதற்கு நைஸாபூர் நிகழ்ச்சியையே காரணமாகக் காட்டுகிறார்கள். துஹ்லீயிடம் கற்றதை விடவும் மனமில்லை. அவரது பெயரைத் தெளிவாகச் சொல்லவும் இயலவில்லை. ஆண்டுதோறும் புகாரி ஷரீஃப் ஓதிக்கொடுக்கும் நாம் அந்த இடங்களுக்கு வரும்போது, இந்த முஹம்மது யார் என்று மாணவர்களிடம் கேட்பது வழக்கம்.

மற்றொன்றும் நம் சிந்தனைக்குரியது. ஸஹீஹுல் புகாரி இமாமவர்களிடமிருந்து வந்த முதன்மையான வழிகள் எவை? இன்று நம் கைகளில் இருப்பது ஃபிரப்ரீ (ரஹ்) வழி. ஃபிரப்ர் ஜைஹூன் ஆற்றங்கரையின் ஒரு சிற்றூர். இப்ராஹீம் இப்னு மஃகில் நஸஃபைச் சேர்ந்தவர்; அபூ தல்ஹா மன்சூர் நஸஃபுக்கு அருகிலுள்ள பஸ்தாவைச் சேர்ந்தவர். எல்லாம் ஆற்றங்கரையும் அதற்கு அப்பாலும். அவை இமாமவர்களின் தாயகத்துப் பகுதிகள் என்பது ஒரு காரணம்தான். என்றாலும், இமாமவர்கள் தங்கிய காலமெல்லாம் இடைவிடாது ஹதீஸ் கற்பித்ததாக ஹாகிம் கூறும் நைஸாபூரின் பெயர் அவ்வரிசையில் இல்லை என்பதை நாம் பார்க்காமல் கடந்துவிட முடியவில்லை. அதே குராஸான் நிலத்தின் மாணவர் திர்மிதீ (ரஹ்) புகாரியை விடவில்லை. ஹதீஸின் நுண்குறைகளைப் பற்றி அவர்களிடம் கேட்டவற்றைத் தம் ஜாமிஉ நூல் நெடுகப் பெயர் சொல்லியே பதிவுசெய்தார்கள். அதனால் அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை. பெற்றது நமக்குத் தெரியும்.

இதே கதை பாக்தாதில் ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வேறு வடிவில் நடந்தது. அபுல் வஃபா இப்னு அகீல் (ரஹ்) ஹன்பலீ மத்ஹபின் இளம் மேதை. முஃதஸிலாச் சார்புடைய இப்னுல் வலீத் என்பவரிடம் கலாம் கற்க மறைவாகச் சென்று வந்தார்கள். ஒருமுறை கடும் நோயுற்றபோது, தம் கையெழுத்துப் பிரதிகளை ஒருவரிடம் கொடுத்துத் தம் மரணத்துக்குப் பின் எரித்துவிடச் சொன்னார்கள். வாங்கியவர் பிரித்துப் படித்தார்! முஃதஸிலாக்களைப் புகழும் சொற்களும் ஹல்லாஜுக்கு இரக்கம் வேண்டும் சொற்களும் அவற்றில் இருந்தன. நண்பர்களுக்கென்று எழுதியது ஊருக்குப் போவது வாட்ஸ்அப் காலத்தின் புதுமை என்று எண்ணுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். 461இல் எழுந்த கொந்தளிப்பில் இப்னு அகீல் தலைமறைவானார்கள். 465இல் (கி.பி. 1072) தாம் எழுதியவற்றிலிருந்து மீண்டுவிட்டதாக எழுதிக் கையொப்பமிட்டு, சாட்சிகள் முன்னிலையில் அறிவித்த பிறகே வெளியே நடமாட முடிந்தது. அவர்கள் பின்னாளில் தம் கல்விப்பருவத்தை நினைவுகூரும்போது, தம் தோழர்கள் சில அறிஞர்களைத் தாம் விட்டு விலக வேண்டுமென விரும்பியதையும், அது பயனுள்ள கல்வியைத் தமக்கு இல்லாமல் செய்ததையும் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். முஃதஸிலாக் கொள்கைக்கு அவர்கள் அதன் பிறகு திரும்பவில்லை. மீண்டவரே இதைச் சொல்கிறார் என்பதால்தான் அச்சொல்லுக்கு எடை அதிகம்.

நம் காலத்துக்கு அருகே ஒன்று. 1947இல் கெய்ரோவின் ஃபுஆத் பல்கலைக்கழகத்தில் முஹம்மது அஹ்மத் கலஃபுல்லாஹ் என்ற மாணவர், குர்ஆனிலுள்ள வரலாறுகளை இலக்கிய நோக்கில் ஆராய்ந்து முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். அதன் முடிவுகள் நமக்கு ஏற்புடையன அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறோம். அல்அஸ்ஹர் அறிஞர்களும் பத்திரிகைகளும் கொதித்தெழ, ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. அவருடைய ஆசிரியர் அமீனுல் கூலி, குர்ஆன் தொடர்பான ஆய்வுகளுக்கு வழிகாட்டுவதிலிருந்து தடுக்கப்பட்டார். கலஃபுல்லாஹ் பின்னர் வேறு தலைப்பில் பட்டம் பெற்றார். நாம் இங்கே சொல்ல வருவது மூன்றாமவரைப் பற்றி. ஷுக்ரீ அய்யாத் அதே ஆசிரியரிடம், குர்ஆன் மறுமை நாளையும் கேள்விக்கணக்கையும் வருணிக்கும் முறையை ஆராய்ந்து முதுகலைப் பட்டம் பெற்றவர். அவர்மீது எவரும் எந்தக் குற்றமும் சாட்டவில்லை. அடுத்த ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டதோ, அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலின் அரபு மொழிபெயர்ப்பு! நல்ல ஆய்வுதான். ஆனால் குர்ஆன் ஆய்வில் இறங்கிய ஓர் அறிவு அத்துறையைவிட்டு அமைதியாக வெளியேறியதை அன்றைய பத்திரிகைகள் எவையும் ஒரு செய்தியாகக் கருதியிருக்கமாட்டா.

ஆசிரியர் எதை எழுதினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. மூன்று முறை முகத்தைத் திருப்பிக்கொண்ட இமாமின் வழியில் வந்தவர்கள் நாம். ஒருவரும் கேட்காதபோதே நள்ளிரவில் கைப்பேசியை எடுத்து எழுதுகிறோம். நம் சொல்லுக்கு நாம் விசாரிக்கப்படுவது நியாயமே. விசாரிப்பவர்கள் முழு வாசகத்தையும் எழுதியவர் முன்னிலையில் வைத்துப் படித்துவிட்டு விசாரிக்கட்டும். அதற்குள் பாடத்தை நிறுத்துவதும், பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் தாளை நீட்டுவதும் எந்த ஷரீஅத்தில் உள்ள நடைமுறை? லஃப்ழ் வழக்கில் ஒரு பக்கம் சாய்வதற்கு முஸ்லிம் இப்னுல் ஹஜ்ஜாஜுக்குத் தகுதி இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவருக்குப் பிறை வழக்கில் அத்தகுதி இல்லை. அவரிடம் இருப்பது ஓர் ஆசிரியரும் பாதி முடிந்த ஒரு கிதாபும்தான்.

அன்று வந்த மாணவரின் குறிப்பேட்டை நாம் வாங்கிப் பார்த்தோம். கிதாபுஸ் ஸலாத்தின் நடுவே நின்றிருந்தது. பிறை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை; நோன்பின் பாடத்துக்கு வகுப்பு வந்திருக்கவே இல்லை. எழுதியவை சீராகவே இருந்தன. ஓரிரு இடங்களில் நமக்கே புதிய குறிப்புகள் இருந்தன. வைத்துக்கொள்ளச் சொன்னோம். முதல் பக்கத்தில் ஆசிரியரின் பெயர் இருந்த இடம் மையால் அடிக்கப்பட்டிருந்ததைச் சுட்டி, புகாரி இமாமின் அந்த முப்பது இடங்களைப் பற்றி அவருக்குச் சொன்னோம். மீதிக் கிதாபை யாரிடம் ஓதுவது என்று அவர் கேட்டார். தம் கல்லூரியில் புதிய ஆசிரியர் வரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பின் வரச் சொன்னோம். நான்கு வாரங்கள் வந்தார். ஐந்தாம் வாரம், நம்மிடம் வந்து போவதைப் பற்றி விடுதியில் யாரோ கேட்டதாகச் சொல்லி அனுப்பினார்.